வருஷா வருஷம் பள்ளி திறந்த ஊர், இப்போ பள்ளியை மூடுவது ஏன்? டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் என்ன நடக்கிறது?

சொந்தக்காரங்க யாராவது அமெரிக்காவின் டாலஸ் பக்கம் இருந்தால், ஃபிரிஸ்கோ என்ற பெயரை ஒரு முறையாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். "ஸ்கூல் நல்லா இருக்கு, அதான் இங்க வீடு வாங்கினோம்" என்பதுதான் அங்கே குடியேறிய பலரும் சொல்லும் காரணம். ஐ.டி. வேலைக்காகப் போன தமிழ், தெலுங்கு, குஜராத்தி குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழும் ஊர் அது. காரிய சித்தி ஹனுமான் கோயில் இருப்பதும் அங்கேதான்.

அந்த ஊரின் பள்ளி நிர்வாகம் 2024 டிசம்பரில் ஒரு முடிவெடுத்தது. ஸ்டேலி மிடில் ஸ்கூல் என்ற பழைய நடுநிலைப் பள்ளியை 2024-25 கல்வியாண்டோடு மூடுவது என்பதே அந்த முடிவு. அதற்கு ஒரு மாதம் முன்புதான், பள்ளிகளுக்காகக் கூடுதல் பணம் கேட்டு நடத்திய வாக்கெடுப்பில் உள்ளூர் மக்கள் எல்லாக் கேள்விகளுக்கும் 'நோ' சொல்லியிருந்தார்கள்.

நல்ல பள்ளிகளுக்குப் பேர்போன ஊரில் ஏன் இப்படி? பதில் அந்த ஊர் வளர்ந்த விதத்திலேயே இருக்கிறது.

ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் அப்படின்னா என்ன?

நம்ம ஊர் மாவட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டெக்சாஸில் ஒவ்வொரு பகுதியின் அரசுப் பள்ளிகளையும் நடத்துவதற்கென்றே தனி உள்ளாட்சி அமைப்பு இருக்கிறது. மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல் உண்டு. பெரும்பாலானவற்றின் பெயரில் 'இண்டிபெண்டன்ட்' என்று ஒரு சொல் ஒட்டியிருக்கும். மாநகராட்சியின் கட்டுப்பாட்டில் இல்லாமல் தனித்து இயங்குகிறது என்பது அதன் பொருள்.

ஃபிரிஸ்கோ இண்டிபெண்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டை நடத்துவது ஏழு பேர் கொண்ட போர்டு. மக்கள் ஓட்டுப் போட்டு மூன்று வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கும் இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆசிரியர்களை நியமிப்பது, பள்ளி கட்டுவது, பஸ் விடுவது எல்லாம் இந்த அமைப்பின் பொறுப்பு. அதைவிட முக்கியம், சொத்து வரி விதிக்கும் அதிகாரமும் இதற்கு உண்டு. தமிழ்நாட்டில் பள்ளிக் கல்வித்துறை சென்னையில் இருந்து செய்யும் வேலையில் பெரும்பகுதியை அங்கே ஊரே செய்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த மாவட்டத்தின் பரப்பு சுமார் 75 சதுர மைல்தான். அதற்குள் 70-க்கும் மேற்பட்ட பள்ளிகள்.

ஆறாயிரம் பேர் இருந்த ஊர்

1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஃபிரிஸ்கோ நகரத்தில் இருந்தவர்கள் வெறும் 6,141 பேர். 2000-ல் 33,714. 2010-ல் 1,16,989. 2020-ல் 2,00,509. முப்பது வருடத்தில் முப்பது மடங்குக்கும் மேல்!

டாலஸ் நகரம் வடக்கு நோக்கி விரிந்ததுதான் இதன் அடிப்படை. புதுச் சாலைகள் வந்தன, 2000-ல் ஸ்டோன்பிரையர் என்ற பெரிய மால் திறந்தது. பிறகு கம்பெனிகள் வரிசையாக வந்தன. பக்கத்து ஊரான பிளேனோவுக்கு டொயோட்டா தனது வட அமெரிக்கத் தலைமையகத்தைக் கொண்டுவந்தது. டாலஸ் கவ்பாய்ஸ் கால்பந்து அணி 2016-ல் ஃபிரிஸ்கோவுக்கே தலைமையகத்தை மாற்றியது. வேலை இருக்கிற இடத்தில் இளம் குடும்பங்கள் வரும். இளம் குடும்பங்கள் வந்தால் அடுத்து தேவைப்படுவது வகுப்பறை.

2003 வரை அந்த ஊரில் இருந்தது ஒரே ஒரு ஹைஸ்கூல். அந்த வருடம் இரண்டாவதாக சென்டெனியல் வந்தது. அதன் பிறகு வேக்லேண்ட், லிபர்ட்டி, ஹெரிடேஜ், லோன் ஸ்டார் என்று அடுத்தடுத்து திறந்துகொண்டே போனார்கள். 2022-ல் பேந்தர் கிரீக் திறந்தபோது எண்ணிக்கை 12. அதாவது இருபது வருடத்துக்குள் 11 புது ஹைஸ்கூல். அவற்றுக்குக் கீழே இருக்கும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் தனிக் கணக்கு.

மாணவர் எண்ணிக்கை உச்சத்தில், 2022-23 வாக்கில், சுமார் 67,000-ஐத் தொட்டது. இன்று மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஆசிய வம்சாவளியினர். அவர்களில் இந்தியக் குடும்பத்துப் பிள்ளைகளே அதிகம்.

ஏன் 12 ஹைஸ்கூல்? பெரிசா நாலு கட்டியிருக்கலாமே?

ஃபிரிஸ்கோ மற்ற ஊர்களில் இருந்து மாறுபட்டது இந்த இடத்தில்தான். அதன் சாதனைக்கும் இன்றைய சிக்கலுக்கும் இதுவே காரணம்.

டெக்சாஸில் பெரிய ஹைஸ்கூல் என்பது ஒரு கௌரவம். பக்கத்தில் இருக்கும் ஆலன் என்ற ஊரைப் பாருங்கள். அங்கே ஒரே ஒரு ஹைஸ்கூல், மாணவர்கள் ஐயாயிரம் அளவில். அந்த ஒரு பள்ளிக்காக 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் ஸ்டேடியத்தை 2012-ல் கட்டினார்கள். (இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டு மூடி, சரிசெய்து 2015-ல் மறுபடி திறந்தது வேறு கதை.) ஊர் மொத்தமும் ஒரே அணிக்குக் கைதட்டும். அந்த அணியும் மாநில சாம்பியன் ஆகும்.

ஃபிரிஸ்கோ இதற்கு நேர் எதிரான வழியில் போனது. ஒரு ஹைஸ்கூலில் சுமார் 2,100 பேருக்கு மேல் வேண்டாம் என்பதைக் கொள்கையாகவே வைத்துக்கொண்டது. கணக்கு ரொம்ப எளிமை. ஐயாயிரம் பேர் படிக்கும் ஒரு பள்ளியில் ஒரு கூடைப்பந்து அணி, ஒரு முதன்மை பேண்ட், ஒரு விவாத அணிதான் இருக்கும். அதே மாணவர்களைப் பல பள்ளிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி வரும். மேடை ஏறும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். ஆசிரியருக்கும் மாணவரின் பெயர் தெரியும்.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. டெக்சாஸ் பள்ளி விளையாட்டில், மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரிப்பார்கள். உச்சப் பிரிவு 6ஏ. ஃபிரிஸ்கோ பள்ளிகள் அளவில் சிறியவை என்பதால் 5ஏ-விலேயே ஆடுகின்றன. ஊரில் இதில் குறைப்படுபவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான பெற்றோருக்கு, பிள்ளை ஆடுகளத்தில் இருப்பதே போதும்.

செலவைக் குறைக்க சில சாமர்த்தியமான ஏற்பாடுகளும் நடந்தன. 12 பள்ளிக்கும் தனித்தனி ஸ்டேடியம் கட்டவில்லை, பகிர்ந்துகொள்கிறார்கள். கவ்பாய்ஸ் அணி வந்தபோது மாவட்டம் 3 கோடி டாலர் போட்டு, 12,000 பேர் அமரும் உள்ளரங்க மைதானத்தில் பங்குதாரர் ஆனது. நகராட்சியும் பணம் போட்டது. தொழில்முறை அணி பயிற்சி எடுக்கும் அதே இடத்தில் வெள்ளிக்கிழமை இரவு பள்ளிப் பையன்கள் ஆடுகிறார்கள். டொயோட்டா ஸ்டேடியத்திலும் இதே ஏற்பாடு.

2008-ல் திறந்த தொழிற்கல்வி மையம் இன்னொரு நல்ல யோசனை. நர்சிங், சமையல் கலை, அனிமேஷன், வாகனப் பழுது மாதிரியான பாடங்களுக்கு ஒவ்வொரு பள்ளியிலும் தனி லேப் கட்டுவது முடியாத காரியம். அதனால் எல்லா ஹைஸ்கூல் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து படித்துவிட்டுப் போகும் பொதுவான ஒரு வளாகம். சின்னப் பள்ளி வேண்டும், பெரிய பள்ளியின் வசதியும் வேண்டும் என்ற ஆசைக்கு இதுதான் விடையாக இருந்தது.

வளர்ச்சியில் நொந்தவர்கள் யார்?

புதுப் பள்ளி திறக்கிறது என்றால் எல்லாருக்கும் சந்தோஷம் என்று நினைத்தால் தப்பு. எந்தத் தெரு எந்தப் பள்ளிக்கு என்று ஒரு வரைபடம் உண்டு. புதிதாக ஒரு பள்ளி வந்தால் சுற்றியுள்ள நாலைந்து பள்ளிகளின் எல்லைக்கோடு மாறும். குறிப்பிட்ட பள்ளியை நம்பிக் கூடுதல் விலை கொடுத்து வீடு வாங்கியவருக்கு, ரெண்டே வருடத்தில் "உங்க பிள்ளை இனி அந்தப் பள்ளி" என்று தகவல் வரும். வீடு மாறாமலேயே பள்ளி மாறிய பிள்ளைகள் அங்கே நிறைய. போர்டு கூட்டங்களில் சத்தம் கேட்டது வரிக்காக மட்டுமல்ல, இந்தக் கோடுகளுக்காகவும்தான்.

அடுத்தது போட்டி. டெக்சாஸில் 1997-ல் வந்த ஒரு சட்டப்படி, ஒவ்வொரு ஹைஸ்கூலிலும் முதல் பத்து சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் நேரடி இடம். எல்லாரும் விரும்பும் ஆஸ்டின் வளாகம் மட்டும் இதை 6 சதவீதமாக வைத்திருந்தது. 2026-ல் சேர்பவர்களுக்கு அது 5 சதவீதம். கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்கு இது பெரிய வாய்ப்பு. ஆனால் வகுப்பில் பாதிப்பேர் நன்றாகப் படிக்கும் ஃபிரிஸ்கோவில், வேறு ஊரில் முதலிடம் வாங்கக்கூடிய பிள்ளை இங்கே பதினைந்தாவது சதவீதத்தில் நிற்கும். 'நல்ல ஸ்கூல்' என்று தேடி வந்தவர்களைக் கடிக்கிற முரண் இது.

பணம் எங்கிருந்து வருகிறது?

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அதனால் பள்ளிகளின் பாரம் பெருமளவு வீட்டு வரி மேல் விழுகிறது. பள்ளி வரியில் ரெண்டு பகுதி. ஒன்று சம்பளம், மின்கட்டணம், பஸ் போன்ற அன்றாடச் செலவுக்கு. இன்னொன்று பள்ளி கட்ட வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட. கட்டடத்துக்கு வாங்கிய கடன்பத்திரப் பணத்தில் ஆசிரியர் சம்பளம் கொடுக்கச் சட்டம் அனுமதிக்காது. "இவ்வளவு பெரிய கட்டடம் கட்டத் தெரியுது, டீச்சருக்குச் சம்பளம் ஏத்த முடியலையா?" என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

இன்னொரு விஷயம். வீடுகளின் மதிப்பு ஏறினால் மாவட்டத்துக்குக் கொள்ளை லாபம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலம் ஓர் அடிப்படைத் தொகையை நிர்ணயிக்கிறது. உள்ளூர் வரி கூடினால் மாநிலம் தன் பங்கைக் குறைத்துக்கொள்ளும். அதையும் தாண்டி வசதியான மாவட்டமாக இருந்தால், உபரியை மாநிலமே திருப்பி வாங்கிக்கொள்ளும். 1993-ல் வந்த இந்த ஏற்பாட்டை அங்கே 'ராபின் ஹூட்' என்று அழைக்கிறார்கள்.

அந்த அடிப்படைத் தொகை 2019-ல் 6,160 டாலர் என்று முடிவானது. அதன் பிறகு ஆறு வருடம் அசையவே இல்லை. இடையில் அமெரிக்காவில் விலைவாசி 20 சதவீதத்துக்கு மேல் ஏறியது. 2023-ல் மாநில அரசிடம் 3,200 கோடி டாலருக்கு மேல் உபரி இருந்தும், தனியார் பள்ளிக்கு அரசுப் பணம் கொடுக்கும் திட்டம் பற்றிய அரசியல் சண்டையில் பள்ளிகளுக்கான பெரிய நிதி மசோதா முடங்கிப் போனது. 2025-ல்தான் 850 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் பெரும் பங்கு ஆசிரியர் ஊதியத்துக்கு. அடிப்படைத் தொகை ஏறியது வெறும் 55 டாலர்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. டெக்சாஸில் பணம் வருவது சேர்ந்த மாணவர் கணக்கில் இல்லை, தினசரி வருகையின் சராசரிக் கணக்கில். பிள்ளை காய்ச்சலில் வீட்டில் இருந்தால் பள்ளிக்கு வரும் பணமும் குறையும்.

மக்கள் ஏன் 'நோ' சொன்னார்கள்?

அன்றாடச் செலவுக்கான வரியை ஒரு வரம்புக்கு மேல் உயர்த்த மக்கள் ஓட்டு வேண்டும். கடன்பத்திரம் வெளியிடவும் ஓட்டு வேண்டும். ஃபிரிஸ்கோ மக்கள் 2014-ல் 77.5 கோடி டாலர் கடனுக்குச் சம்மதம் சொன்னவர்கள். ஆனால் 2016 ஆகஸ்டில் அன்றாடச் செலவு வரியை ஏற்றக் கேட்டபோது மறுத்துவிட்டார்கள்.

விளைவு வேடிக்கையானது. கட்டக் காசு இருந்தது, நடத்தக் காசு இல்லை. 2017-ல் திறக்க வேண்டிய நான்கு பள்ளிகளின் திறப்பு ஒரு வருடம் தள்ளிப்போனது. அதில் மெமோரியல் ஹைஸ்கூலும் ஒன்று. பிள்ளைகளோ பக்கத்துப் பள்ளிகளில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2018-ல் மறுபடி கேட்டபோது மக்கள் மனம் மாறி, வரி மாற்றத்துக்கும் 69.1 கோடி டாலர் கடனுக்கும் ஒப்புதல் கொடுத்தார்கள்.

2024 நவம்பர் 5 அன்று, அதிபர் தேர்தலோடு சேர்த்து நான்கு கேள்விகளை மாவட்டம் மக்கள் முன் வைத்தது. ஒன்று அன்றாடச் செலவு வரிக்கு. மற்ற மூன்றும் சேர்த்து சுமார் 108 கோடி டாலர் கடனுக்கு. நான்குமே தோற்றன.

இதற்கு ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் ஓட்டுச்சீட்டைப் பார்த்தாலே ஒரு காரணம் தெரியும். 2019 சட்டப்படி, பள்ளிக் கடன் கேள்வி எதுவானாலும் 'இது சொத்து வரி உயர்வு' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டே ஆக வேண்டும். மொத்த வரி விகிதம் ஏறாது என்று மாவட்டம் கணக்குக் காட்டினாலும் அந்த வரி இருந்தே தீரும். வாக்குச்சாவடியில் ஐந்து நிமிடம் நிற்பவர் கண்ணில் முதலில் படுவது எதுவாக இருக்கும்?

இன்னொரு காரணம் ஊரின் வயது. 2005-ல் ஆறு வயதுப் பிள்ளையோடு வந்த குடும்பத்தின் பிள்ளை இன்று காலேஜும் முடித்திருக்கும். பெற்றோர் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். பள்ளியோடு அவர்களுக்கு இப்போது இருக்கும் ஒரே தொடர்பு வரி ரசீது.

பிள்ளைகள் எங்கே போனார்கள்?

மாணவர் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டபின் இறங்கத் தொடங்கியதும் இதே காரணத்தால்தான். பெரியவர்கள் வீட்டைக் காலி செய்யவில்லை. காலி செய்த வீடுகளின் விலையோ முதல் குழந்தை பெற்ற இளம் தம்பதிக்கு எட்டாது. கட்டுவதற்குக் காலி நிலமும் குறைந்துவிட்டது. பிறப்பு விகிதமும் சரிந்துவிட்டது. புதுக் குடும்பங்கள் இன்னும் வடக்கே, பிராஸ்பர், செலைனா பக்கம் போகின்றன.

இப்போது சின்னப் பள்ளிக் கொள்கை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. ஆயிரம் பிள்ளைகள் குறைந்தால், அடிப்படைத் தொகை மட்டுமே ஏறக்குறைய 60 லட்சம் டாலர் குறையும். ஆனால் அந்த ஆயிரம் பேரும் ஒரே பள்ளியில் இருந்து குறைவதில்லை. ஒரு வகுப்பில் ரெண்டு பேர், இன்னொன்றில் மூணு பேர் என்று 70 பள்ளிகளில் பரவலாகக் குறைகிறார்கள். பள்ளிக்கு ஒரு தலைமை ஆசிரியர், ஒரு நர்ஸ், ஒரு நூலகர், ஒரு சமையற்கூடம் என்ற செலவு அப்படியே நிற்கும். நான்கு பெரிய பள்ளிகள் இருக்கும் ஊருக்கு இது தலைவலி. பன்னிரண்டு சின்னப் பள்ளி இருக்கும் ஊருக்கு இது மூன்று மடங்கு தலைவலி.

ஸ்டேலி பள்ளி மூடலை இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். பழைய கட்டடம், புதுப்பிக்கப் பெரும் செலவு, சுற்றிலும் இடமிருக்கும் வேறு பள்ளிகள். வாக்கெடுப்பும் தோற்றபின் போர்டுக்கு வேறு வழி குறைவு. தன் பள்ளியை இழந்த பிள்ளைக்கும், அதே பள்ளியில் படித்த அதன் அப்பாவுக்கும் இந்த விளக்கம் ஆறுதல் தராது என்பதும் உண்மை.

இது ஃபிரிஸ்கோவுக்கு மட்டுமே நேர்ந்ததல்ல. தெற்கே உள்ள பிளேனோ, ஒரு தலைமுறைக்கு முன் இதே மாதிரி வளர்ந்த ஊர். ஒரு காலத்தில் 55,000 மாணவர்களுக்கு மேல் இருந்த அந்த மாவட்டம், 2024-ல் நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. வடக்கே உள்ள பிராஸ்பரிலோ இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2023-ல் கேட்ட சுமார் 280 கோடி டாலரில், 9.4 கோடி டாலர் ஸ்டேடியத்தை மட்டும் தவிர்த்து மற்றதுக்கு மக்கள் ஓகே சொன்னார்கள். டாலஸில் இருந்து வடக்கே காரில் முக்கால் மணி நேரம் போனால், ஒரு பள்ளி மாவட்டத்தின் முதுமை, நடுவயது, இளமை மூன்றையும் பார்த்துவிடலாம்.

2026-27 முதல் இன்னொரு அழுத்தமும் வருகிறது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு அரசுப் பணம் தரும் திட்டத்தில் ஆளுநர் கிரெக் அபாட் 2025 மே மாதம் கையெழுத்திட்டார். தொடக்க ஒதுக்கீடு 100 கோடி டாலர். இதனால் ஃபிரிஸ்கோவில் எத்தனை பிள்ளைகள் அரசுப் பள்ளியை விட்டுப் போவார்கள் என்பது அந்தக் கல்வியாண்டின் வருகைப் பதிவேட்டில் தெரியும்.

அங்கே வீடு பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது

விலாசத்தில் ஃபிரிஸ்கோ என்று இருந்தால் ஃபிரிஸ்கோ பள்ளி கிடைக்கும் என்பது பலர் செய்யும் தவறு. நகர எல்லை வேறு, பள்ளி மாவட்ட எல்லை வேறு. ஃபிரிஸ்கோ நகரத்தின் சில பகுதிகள் லூயிஸ்வில், பிராஸ்பர், லிட்டில் எல்ம் பள்ளி மாவட்டங்களில் இருக்கின்றன. அதேபோல் பிளேனோ, மெக்கின்னி நகரங்களின் சில தெருக்கள் ஃபிரிஸ்கோ பள்ளி மாவட்டத்துக்குள் வருகின்றன. முன்பணம் கொடுக்கும் முன் வீட்டு எண்ணோடு முழு முகவரியை மாவட்டத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். இப்போது எந்தப் பள்ளி என்பது மட்டும் போதாது. அந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் குறைந்திருக்கிறார்கள், எல்லைக்கோட்டை மாற்றும் பேச்சு போர்டில் நடக்கிறதா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது. போர்டு கூட்டங்கள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவைதான்.